கூடைப்பந்தாட்ட முன்னோடி அனிதா பால்துரை

சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை 19 வயதிலேயே இந்திய மகளிர் கூடைப்பந்தாட்ட அணியின் தலைவியானவர். ஆசிய சம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது தடவைகள் பங்குபற்றினார். மகப்பேற்றின் பின்னரும் களம் திரும்பி, 2017இல் பெங்களூரில் ஆசியக் கிண்ண 'பி' பிரிவுப் பட்டத்தை அணிக்குப் பெற்றுக்கொடுத்தார். இறுதியாட்டத்தில் கஸகஸ்தான் 75-73 எனத் தோற்றது. 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

இச்சாதனை எமது மலையக மாணவியருக்கும் வழிகாட்டியாகும். சமதரை அரிதான ஹட்டன், நுவரெலியா தோட்டப்புறங்களில் கிரிக்கெட் மைதானம் அமைப்பது கடினம். கூடைப்பந்தாட்டத் திடலுக்கோ 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் போதும். முஸ்லிம் மாணவியர் தலையை மறைத்து ஆடுவதற்கும் சர்வதேச கூடைப்பந்தாட்டச் சம்மேளனம் 2017இல் வழிவிட்டுள்ளது. இரு சமூகத்துப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடத் தோட்டப்புறப் பாடசாலைகளில் திடல்கள் அமைக்க, கல்வித் துறையினர் முன்வருதல் வேண்டும்.