மேலூர் இணைய மையங்கள் மூடப்பட்டது ஏன்? 2006 சட்டத் திருத்தத்தை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் 2001 நவம்பரில் தொடங்கிய ‘சாரி’ என்ற கிராம இணைய மையத் திட்டத்தைத் தோல்விக்கு உதாரணமாகக் காட்டுவது ஆய்வுலகில் வழக்கமாகிவிட்டது. அதற்கு அடித்தளம் மைக்கேல் பெஸ்ட், ரிச்சா குமார் இருவரும் 2008இல் வெளியிட்ட கட்டுரை. 2004 தொடக்கம் வரை அமைந்த 78 மையங்களில் 36 உள்ளூர்த் தனியார் கையில் இருந்தன. 42 தொண்டு நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தன. 2005 மே மாதம் பார்த்தபோது அந்த 36இல் 32 மூடிக் கிடந்தன. வருமானம் கட்டுப்படியாகவில்லை, தொழில்நுட்பப் பயிற்சியும் பழுதுபார்க்கும் ஆதரவும் போதவில்லை என்கிறார்கள் ஆசிரியர்கள்.

கணக்கை நான் மறுக்கவில்லை. காரணத்தை எங்கே தேடுவது என்பதில்தான் மாறுபடுகிறேன். அவர்கள் அளவுகோலாக எடுத்துக்கொண்டது தனித்தனி மையத்தை. அப்படி எடுத்ததும் நடத்தியவரின் திறனும் முதலீடும் பெரிதாகத் தெரிகின்றன. அவர் எதை விற்க அனுமதிக்கப்பட்டார் என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. தவிர, 2005 மே என்பது கணக்கெடுத்த மாதம். மூடிய காலம் மையத்துக்கு மையம் வேறு. எனவே எல்லா மூடல்களையும் கடைக்காரரின் குறைபாட்டில் கொண்டுபோய் முடிப்பது பொருந்தாது.

அந்த மையங்களில் இருந்த கருவியைப் பார்ப்போம். சென்னை ஐ.ஐ.டி.யின் டெனெட் குழு பங்கெடுத்து உருவாக்கிய கார்டெக்ட் என்ற கம்பியில்லா இணைப்புக் கருவி, பேச்சும் தரவும் சேர்ந்து போகும்போது நொடிக்கு 35 கிலோபிட், தரவு மட்டும் போனால் 70 கிலோபிட் தரும். அன்று கிராமத்தார் தயங்காமல் காசு கொடுத்தது எஸ்.டி.டி. அழைப்புக்கு. 2002 ஏப்ரலில் இணைய நிறுவனங்களுக்கு இணையவழிப் பேச்சு அனுமதிக்கப்பட்டது. ஆனால் உள்நாட்டுத் தொலைபேசிகளோடு அதை இணைக்கத் தடை நீடித்தது. பேச்சைக் கடத்தும் கருவி சுவரில் மாட்டியிருந்தும் இணைய உரிமத்தை வைத்து அந்தப் பேச்சை விற்க வழியில்லை. அந்த மையங்கள் வழியே கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்புவதும், வட்டாட்சியர் அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் மனு போடுவதும் மக்களுக்குப் பெரிய உதவிதான். கடையின் மாதச் செலவை அவை மட்டுமே தாங்கிவிடாது.

இங்கேதான் சட்ட வாசகம் முக்கியமாகிறது. தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் வசூலித்து ஊரகச் சேவைக்குச் செலவிடும் நிதிக்கு, இந்தியத் தந்திச் சட்டத்தின் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 2002 ஏப்ரல் 1 முதல் செல்லும்படி சட்ட வடிவம் தந்தது. அதன் வரையறைப்படி, ஊரகத்துக்கும் தொலைதூரப் பகுதிக்கும் நியாயமான விலையில் கிடைக்க வேண்டியவை ‘அடிப்படை’த் தந்திச் சேவைகள். 2006 அக்டோபர் 30இல் வந்த அவசரச் சட்டமும், டிசம்பரில் அதன் இடத்தைப் பிடித்த திருத்தச் சட்டமும் ‘அடிப்படை’ என்ற வரம்பை நீக்கின. செல்பேசிக்கும் அகன்ற அலைவரிசைக்கும் நிதி செல்லச் சட்டத்தில் இடம் கிடைத்தது அதன் பிறகுதான். மேலூரில் கடைகள் திணறிய காலம் முழுவதும் பழைய வரம்பே நடப்பில் இருந்தது.

இந்த நிதிக்கான 2002 வழிகாட்டு நெறிகளிலேயே பொதுத் தகவல் மையங்களுக்கு இடம் இருந்ததே என்று கேட்கலாம். இருந்தது. ஆனால் சட்டத்தின் வரையறை குறுகியிருக்கையில் நெறிமுறையின் ஒரு பிரிவு எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? அது போதுமென்றால் திருத்தத்துக்கே அவசியம் இருந்திருக்காது. நேரடிச் சான்று மெலிந்த இடம் இது என்பதை ஒப்புக்கொண்டே, இந்த வாதத்தில் உறுதியாக நிற்கிறேன்.

திருத்தம் முன்பே வந்திருந்தால் 32 மையங்களும் பிழைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. 2004 அகன்ற அலைவரிசைக் கொள்கை நிர்ணயித்த 256 கிலோபிட் வேகத்தைக் கார்டெக்ட் எட்டவில்லை. அதிவேக இணையத்தின் திருப்பம் 2006இலா, தேசியக் கண்ணாடியிழைத் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்த 2011 அக்டோபரிலா என்பதும் விவாதத்துக்குரியது. என் சாய்வு முன்னதன் பக்கம். ஆயினும் சட்டம் வழிவிட்ட பிறகும் கண்ணாடியிழைக்கான ஒப்புதலுக்கு 5 ஆண்டுகள் ஆயின.

அந்தத் திட்டம் இன்று பாரத்நெட் என்ற பெயரில் ஊராட்சி அலுவலகம் வரை இழையைக் கொண்டுவருகிறது. அங்கிருந்து வீடுவரையான கடைசித் தொலைவைப் பராமரிக்கும் செலவு யார் தலையில் விழும்? உள்ளூர்க்காரர் தலையில் என்றால், அவர் எதை விற்கலாம், எந்த நிதியில் பங்கு கேட்கலாம் என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். அதைச் செய்யாமல் அவர் கடையை மூடியதும் திறமைக் குறைவு என்று எழுதுவது, மேலூரைப் பற்றிச் செய்த பிழையை மீண்டும் செய்வதாகும்.