கோட்டை வாசலும் வாலிப மேய்ப்பர்களும்: தென் திருவிதாங்கூர் சபை வரலாறு கற்றுத் தரும் பாடங்கள்

கிழக்கேகோட்டையில் பஸ் இறங்கி, பழவங்காடிப் பிள்ளையாரைத் தாண்டி, சாலைக் கடைத்தெருவுக்குள் நுழையும் நம் தமிழ் மக்களில் எத்தனை பேர் அந்தக் கோட்டை வாசலை நின்று பார்க்கிறோம்? இன்றைக்கு யார் வேண்டுமானாலும் போகலாம், வரலாம். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு அப்படி இல்லை. தாழ்த்தி வைக்கப்பட்ட சமுதாயங்களைச் சேர்ந்த ஒருவர் இந்த வாசலைக் கடந்து கோயில் வீதிக்குள் காலெடுத்து வைக்க முடியாது. சமஸ்தானத்தின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது 1936 நவம்பர் 12-ஆம் தேதி அறிக்கைக்குப் பிறகுதான்.

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை இந்தத் தலைநகரத்துக்குக் கட்டுப்பட்டிருந்தது. ஆகவே அங்குள்ள சபைகளின் கதையும் இந்தக் கோட்டையோடு பின்னிக் கிடக்கிறது. அந்தக் கதையில் வாலிபத் தலைவர்கள் பலர் வருகிறார்கள். இறைப்பணியில் இறங்கும் இளைஞர்கள் எதிலே தடுக்கி விழுகிறார்கள் என்று கேட்டால், பணம், பெருமை, பதவி என்று நாம் சட்டென்று சொல்லிவிடுவோம். சொல்வது சரிதான். ஆனால் அவர்கள் விழுந்த குழியைத் தோண்டியது யார்? அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தனியாக விடப்பட்டவர்

மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்பவர் சிதம்பரம் யாத்திரை போனவர், தஞ்சாவூரில் கோலாப் ஐயரிடம் உபதேசம் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். உறவினர் பலரும் அவர் வழியில் வந்தார்கள். தொல்லைகளும் கூடவே வந்தன. ஒரு போதகர் வேண்டும் என்று அவர் தரங்கம்பாடி சென்று கேட்டதன் பலனாக, ஜெர்மானியரான ரிங்கல்தௌபே 1806 ஏப்ரல் 25-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. லண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியர்.

திருவனந்தபுரம் வந்து திவான் வேலுத்தம்பியிடம் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. ரெசிடென்ட் மெக்காலேயின் சிபாரிசு வேண்டியிருந்தது. மயிலாடியில் ஆலயம் எழும்பியது 1809-ல், வேலுத்தம்பியின் கிளர்ச்சி அடங்கிய பிறகு. மயிலாடி, பிச்சைக்குடியிருப்பு, தாமரைகுளம், புத்தளம், ஆத்திக்காடு, கோவில்விளை, ஈத்தாமொழி என்று ஏழு ஊர்களில் சபைகள் உண்டாயின. கைக்கு வந்த சம்பளத்தை அங்கேயே செலவழித்துவிட்டு எளிமையாக வாழ்ந்தவர் அவர். தலைவரி, ஊழியம் முதலிய கொடுமைகளிலிருந்து தப்புவதற்காகவே பலர் தன்னிடம் வருகிறார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் ஆள் சேர்க்க அவர் அவசரப்படவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, பெருமையும் பணமும் அவரைத் தொடவில்லை. ஆனால் இத்தனை ஊர்களையும் ஐரோப்பியத் துணை ஊழியர் ஒருவர்கூட இல்லாமல் பத்து வருஷம் சுமந்தார். உடம்பு கெட்டது. 1816-ல் நாட்டைவிட்டுப் போனார். எங்கே எப்படி முடிந்தார் என்பதற்குத் தெளிவான சான்று இன்றுவரை இல்லை. இது அவருடைய குற்றமா, ஒரே மனிதனை அனுப்பிவிட்டுக் கடிதங்களை மட்டும் எதிர்பார்த்துக் கொண்டிருந்தவர்களின் குற்றமா? வாசகரே தீர்ப்புச் சொல்லட்டும்.

சீக்கிரம் உயர்த்தப்பட்டவர்

அவருக்குப் பின் வந்தவர் சார்லஸ் மீட் ஐயர். வரும் வழியிலேயே மனைவியைப் பறிகொடுத்துவிட்டு, 1818 ஜனவரியில் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்துதான். ஊர் புதிது, பாஷை புதிது. அந்தச் சமயத்தில் ரெசிடென்டாக இருந்த கர்னல் மன்றோ, ராணி கௌரி பார்வதிபாயிடம் சொல்லி, நாகர்கோவிலில் ஒரு பங்களாவும், வயல் வாங்க 5000 ரூபாயும் வாங்கிக் கொடுத்தார். அதோடு நின்றாரா? மீட் ஐயரை நாகர்கோவில் கோர்ட்டில் நீதிபதியாகவும் உட்கார வைத்தார்!

கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். காலம் காலமாகக் கச்சேரி வாசலில் கைகட்டி நின்ற மக்கள். அந்தக் கச்சேரி நாற்காலியிலேயே இப்போது தங்கள் போதகர் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஏறக்குறைய 3000 பேர் சபையில் சேர்ந்தார்கள். இதில் ஆச்சரியம் என்ன? வந்தவர்களைக் குறை சொல்லவும் நமக்கு உரிமை இல்லை. ஊழியத்திலிருந்தும் அடியிலிருந்தும் தப்ப நினைப்பது பாவமல்ல. ஆனால் வந்தவர்களில் எத்தனை பேர் வேதத்தைத் தேடி வந்தார்கள், எத்தனை பேர் நீதிபதியைத் தேடி வந்தார்கள் என்று யாரால் பிரித்துச் சொல்ல முடியும்?

லண்டனில் இருந்த சங்கத்தாருக்கு இது பிடிக்கவில்லை. மீட் ஐயரும் பதவியை விட்டார். பதவி போனது; ஆனால் அது உண்டாக்கிய எண்ணம் போகவில்லை. மிஷன் என்றால் இன்னொரு சர்க்கார் என்ற நினைப்பு இரு பக்கமும் ஊறிவிட்டது. மன்றோ போனபின் ஆதரவும் குறைந்தது. பெண்களின் மேலாடையை முன்னிட்டு 1820-களில் பெரும் கலகம் மூண்டது. பள்ளிக்கூடங்களும் ஆலயங்களும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரி 3-ஆம் தேதி ராணியின் விளம்பரம் மேலாடையைத் தடை செய்தது. உயர்சாதிப் பெண்களைப் போலல்லாமல் வேறு வகையில் மேலாடை அணியும் உரிமை, 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரத்தால்தான் கிடைத்தது.

மேலாடைப் போராட்டம் நியாயமான போராட்டம். அதில் இரண்டு பேச்சு இல்லை. நாம் சொல்ல வருவது வேறு. கோட்டையிலிருந்து கடன் வாங்கிய அதிகாரத்தைக் கோட்டை திரும்பக் கேட்கும். கேட்கும்போது வட்டியோடு கேட்கும். அந்த வட்டியை ஏழைகள் கட்டினார்கள்.

மீட் ஐயரை இதோடு மதிப்பிட்டுவிடக் கூடாது. நாகர்கோவிலில் அச்சகம், செமினரி, நெய்யூரில் மிஷன் நிலையம் என்று அவர் செய்தவை ஏராளம். பிற்காலத்தில், தாழ்த்தப்பட்ட குடும்பத்தில் பிறந்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணை மணந்தார். சக மிஷனரிகளுக்கு அது பொறுக்கவில்லை. அவர் சங்கத்தை விட்டு விலகும்படி ஆயிற்று. 1855-ல் திருவிதாங்கூர் அரசு அவரைப் பள்ளிக்கூடங்களின் கண்காணிப்பாளராக நியமித்தது. 1873-ல் இதே திருவனந்தபுரத்தில் காலமானார். இருபத்தைந்து வயதில் நீதிபதியாக உட்கார்ந்தபோது கண்டிக்கத் தவறாத சங்கத்தார், சாதி பாராமல் மணந்தபோது அவருக்குத் துணையாக நின்றிருக்க வேண்டாமா?

காக்க வைக்கப்பட்டவர்கள்

இனி மறு பக்கத்தையும் பார்ப்போம். ரிங்கல்தௌபே போன 1816 முதல் மீட் வந்த 1818 வரை சபைகளைக் கட்டிக் காத்தவர் யார்? வேதமாணிக்கம். புறப்படுமுன் ரிங்கல்தௌபே தமது அங்கியையே அவருக்கு அணிவித்துப் பொறுப்பை ஒப்படைத்தார் என்று சபை வரலாறு சொல்கிறது. அப்படியிருந்தும் முறைப்படி குருப்பட்டம் பெறாமலே அவர் 1827-ல் மறைந்தார். தென் திருவிதாங்கூர் லண்டன் மிஷனில் நம்மவர்கள் குருப்பட்டம் பெற்றது 1866-ல். கணக்குப் போட்டால் அறுபது வருஷம்! இருபத்தைந்து வயது இங்கிலாந்துக்காரருக்கு வந்தவுடன் ஒரு நாடே ஒப்படைக்கப்பட்டது. மண்ணின் மைந்தருக்கோ இரண்டு தலைமுறை காத்திருப்பு.

இப்படி அடக்கி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, மலைக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமையில் ஓர் உதாரணம் உண்டு. அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, சாயர்புரம் செமினரியில் படித்து, பல மொழிகள் கற்ற கூரிய அறிவாளி. வாலிப வயதிலேயே முக்குப்பேரியில் மிஷனரி காமரரோடு மோதல் ஏற்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார். கால்டுவெல் 1849-ல் தம் சமுதாயத்தைப் பற்றி எழுதிய நூலும் அவர் நெஞ்சைச் சுட்டது. 1857-ல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் தயவில்லாத தனிச் சபையைத் தோற்றுவித்தார். அதைப் பிளவு என்பார் உண்டு, விடுதலை என்பார் உண்டு. அவருடைய கோபம் ஒரே நாளில் பிறந்ததல்ல என்பதை மட்டும் இரு சாராரும் ஒத்துக்கொள்வார்கள்.

நமக்கு என்ன பாடம்?

தனியாக விட்டால் உடைவான். சீக்கிரம் உயர்த்தினால் தடுமாறுவான். காக்க வைத்தால் கசந்து போவான். மூன்றிலும் மூத்தவர்களின் கை இருக்கிறது. புதிதாக வந்தவனைக் கண்காணியாக்கினால் இறுமாப்படைவான் என்று பவுல், தீமோத்தேயுவுக்கு எழுதினார். அதே கடிதத்திலே, வாலிபன் என்று அவனை யாரும் அற்பமாக எண்ணக் கூடாது என்றும் எழுதினார். நம் சபைகளில் பலர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றொன்றை மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சு சபைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிழைப்புத் தேடி வந்த ஊரில் நாம் நடத்தும் சங்கங்களுக்கும் இது பொருந்தும். ஒரு பையன் நன்றாகப் பேசுகிறான் என்றால் உடனே மேடையில் ஏற்றி மாலை போடுகிறோம். வேலை முழுவதையும் அவன் தலையில் கட்டுகிறோம். கணக்கு வழக்கில் கேள்வி கேட்டால் மட்டும், “நீ சின்னப் பையன், சும்மா இரு” என்கிறோம். பிறகு, “இந்தக் காலத்துப் பிள்ளைகள் நிலைப்பதில்லை” என்று புலம்புகிறோம்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரிய இடத்துச் சிபாரிசில் வரும் நாற்காலியில் உட்காரும் முன், அதன் காலைப் பிடித்திருப்பவர் யார் என்று பாருங்கள். தன் ஊர் மக்கள் கையால் உயர்த்தப்பட்ட வேதமாணிக்கத்துக்குப் பட்டம் இல்லை, கோட்டையின் தயவும் இல்லை. ஆனாலும் போதகர் இல்லாத இரண்டு வருஷமும் அந்த ஏழு ஊர்ச் சபைகள் கலைந்து போகவில்லை.