இர்திஃபாஃ: விண்ணின் உயரம் அளந்த வரலாறு

தொழுகையின் நேரம், கிப்லாவின் திசை, மாதத்தின் தொடக்கம் ஆகிய மூன்றும் வானோடு தொடர்புடையவை. ஆதலால் விண்ணை அளக்கும் கலை முஸ்லிம் அறிஞர்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. அவர்களுடைய அளவீடுகளுள் அடிப்படையானது ‘இர்திஃபாஃ’. தொடுவானிலிருந்து ஒரு விண்மீன் எத்தனை பாகை உயர்ந்து நிற்கிறது என்னும் கணக்கே அது. இதனோடு திசையைக் குறிக்கும் ‘ஸம்த்’தும் சேர்ந்துவிட்டால் விண்ணின் எந்தப் புள்ளியையும் சுட்டிவிடலாம். இச்சொல்லின் பன்மையான ‘அஸ்ஸுமூத்’தே ஐரோப்பிய மொழிகளுக்குச் சென்று ‘அசிமத்’ ஆயிற்று.

கிரேக்கரிடமிருந்து பெற்று முஸ்லிம்கள் செம்மைப்படுத்திய அஸ்துர்லாப், வளையத்தில் தொங்கவிடப்படும் பித்தளை வட்டு. அதன் எடையே அதனைச் செங்குத்தாக நிறுத்தும். பின்புறத்தில் சுழலும் ‘இளாதா’ என்னும் சட்டத்தின் இரு துளைகள் வழியே விண்மீனை நோக்கினால், விளிம்பில் பாகை தெரியும். ஆயின் 15 செ.மீ. விட்டமுள்ள வட்டில் ஒரு பாகைக்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ 1.3 மி.மீ. மட்டுமே. நேரம் அறிய இது போதும், நுண்கணக்கிற்குப் போதாது.

எனவே கருவியைப் பெரிதாக்குவது ஒன்றே வழியாயிற்று. கி.பி. 994இல் ரய் நகரில், புவைஹி மன்னர் ஃபக்ருத் தவ்லாவின் ஆதரவில், அபூ மஹ்மூத் அல்குஜந்தி ‘அஸ்ஸுத்ஸுல் ஃபக்ரீ’யை எழுப்பினார். வட்டத்தின் ஆறில் ஒரு பங்கான 60 பாகை வளைவு அது. ஆரம் சுமார் 20 மீட்டர். இருண்ட கட்டடத்தின் மேலிருந்த துளை வழியே விழும் நண்பகல் கதிர், வளைவின் மீது உயரத்தைக் காட்டும். ஒவ்வொரு பாகையும் 360 கூறுகளாகப் பகுக்கப்பட்டதால் ஒரு கூறு 10 விகலைக்குச் சமம். கோடைத் திருப்பத்திலும் குளிர்காலத் திருப்பத்திலும் சூரியனின் நண்பகல் உயரத்தை அளந்து, அவற்றின் வேறுபாட்டைப் பாதியாக்கினால், சூரிய வீதியின் சாய்வு கிடைக்கும். அல்குஜந்தி கண்ட விடை 23 பாகை 32 கலை 19 விகலை.

இன்றைய கணிப்பின்படி அக்காலத்து உண்மை அளவு சுமார் 23 பாகை 34 கலை. இத்துணைப் பெருங்கருவியில் ஏறத்தாழ இரண்டு கலை எங்கே தவறிற்று? அறிஞர் அல்பிரூனி தமது ‘தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்’ நூலில் இதனை ஆராய்கிறார். இரு அளவீடுகளுக்கும் இடைப்பட்ட மாதங்களில் அத்துளை ஏறத்தாழ ஒரு சாண் தாழ்ந்துவிட்டது என்பது அவர் தரும் செய்தி. வளைவின் கூறுகள் எவ்வளவு நுண்மையாக வெட்டப்பட்டிருந்தாலும், அளவு தொடங்கும் புள்ளி அசைந்துவிட்டால் நுண்மை பயன் தருவதில்லை.

பின்னர் சமர்கந்தில் உலுக் பேக் நிறுவிய கருவியின் ஆரம் சுமார் 40 மீட்டர். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 70 செ.மீ. கிடைத்தது. வளைவின் ஒரு பகுதி குன்றின் பாறையைக் குடைந்து அமைக்கப்பட்டிருந்தது. அங்குக் கண்ட சாய்வு 23 பாகை 30 கலை 17 விகலை. பிழை ஏறத்தாழ அரைக் கலையே. 1449இல் உலுக் பேக் கொல்லப்பட்டபின் ஆய்வகம் சிதைந்தது. மண்ணுள் புதையுண்ட வளைவை 1908இல் வியாத்கின் கண்டறிந்தார்.

இன்று தச்சர்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் கோணமானி உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அதன் காந்த அடியைத் தொலைநோக்கியின் குழல்மீது ஒட்ட வைத்தால், உள்ளிருக்கும் சில்லு புவியீர்ப்பின் திசையை உணர்ந்து, பத்தில் ஒரு பாகை வரை உயரத்தை எண்ணாகக் காட்டுகிறது. முழு நிலவின் அகலம் அரைப் பாகை என்பதை நினைக்க, வீட்டு முற்றத்தில் நின்று விண்மீன் தேடவும், கணித்த இடத்தில் பிறையை நாடவும் இது போதுமானது. அஸ்துர்லாபின் எடை செய்த பணியையே இச்சில்லும் செய்கிறது. மொபைலில் அந்நிமிடத்திற்குரிய உயரத்தைப் பார்த்து, எண் பொருந்தும்வரை குழலை உயர்த்தவேண்டும். விண்மீனின் உயரம் ஒரு நிமிடத்தில் கால் பாகை வரை மாறக்கூடும் என்பதால் பழைய எண் உதவாது.

ஆனால் அல்குஜந்தியின் துளை தந்த பாடம் இங்கும் பொருந்தும். கோணமானி குழலின் போக்குக்கு இணையாக அமராவிட்டால், திரையில் ஒளிரும் எண் துல்லியமாகவே பொய் சொல்லும். ஆதலின் முதலில் நன்கறிந்த விண்மீன் ஒன்றைப் பார்வையின் நடுவே நிறுத்தி, கணித்த உயரத்தோடு கருவியின் எண்ணை ஒப்பிட்டு, வேறுபாட்டைத் திருத்திக்கொள்ளவேண்டும்.

நம் முன்னோர் பெருங்கருவிகள் கண்டனர் என்று பெருமை பேசுவது எளிது. அதனினும் பெரிய பெருமை, தம் காலத்துச் சிறந்த கருவியின் குறையை மறைக்காமல் அவர்கள் எழுதி வைத்ததே ஆகும். சூரியனும் சந்திரனும் கணக்கின்படி இயங்குவதைக் கூறும் ஸூரா அர்ரஹ்மான், உடனே தராசைக் குறிப்பிட்டு, நிறுவையில் குறைவு செய்யாதிருக்கப் பணிக்கிறது. நம் அரபுக் கல்லூரிகளில் ‘இர்திஃபாஃ’ என்ற சொல்லுக்குப் பொருள் கூறுவதோடு நில்லாமல், மாணவரை முற்றத்திற்கு அழைத்துச் சென்று ஒரு விண்மீனை அளக்கச் செய்வோமாயின், அளவின் பிழையை ஒப்புக்கொள்ளும் அந்த மரபும் அவர்களிடம் தொடரும், இன்ஷா அல்லாஹ்.