சமயபுரம் 1752: தற்காப்பா, ஆக்கிரமிப்பா?

சமயபுரம் திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே, கொள்ளிடத்துக்கு அப்பால் உள்ள ஊர். மாரியம்மன் கோயிலால் புகழ்பெற்ற இவ்வூரை 1752 ஏப்ரலில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். ஸ்ரீரங்கத்தில் இருந்த பிரெஞ்சுப் படையின் சரணடைவுக்கு அது வழிவகுத்தது. அப்போது ஐரோப்பாவில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்தில் இருந்தன. எனவே தமிழகத்தில் முதலில் தாக்கியவர் யார், அது தற்காப்பா ஆக்கிரமிப்பா என்ற கேள்வி எழுந்தது.

பின்னணி

1748-ல் எக்ஸ்-லா-சப்பேல் உடன்படிக்கை ஐரோப்பியப் போரை முடித்தது. 1746-ல் பிரெஞ்சுக்காரர் பிடித்த சென்னை 1749-ல் ஆங்கிலேயரிடம் திரும்பியது. ஆனால் போருக்காகத் திரட்டிய படைகள் இரு கம்பெனிகளிடமும் இருந்தன. 1748-ல் நிசாம் ஆசப் ஜா இறந்ததும் ஹைதராபாத்தில் வாரிசுப் போட்டி தொடங்கியது. ஆற்காட்டு நவாப் பதவிக்கு அன்வருதீனை எதிர்த்து சந்தா சாகிப் வந்தார். அந்தப் படைகளுக்கு வேலை கிடைத்தது.

முதல் தாக்குதல் எது?

1749 ஆகஸ்டு 3 அன்று ஆம்பூர்ப் போரில் பிரெஞ்சுப் படையும் சந்தா சாகிப்பும் சேர்ந்து அன்வருதீனைத் தோற்கடித்தனர். போரில் அவர் கொல்லப்பட, அவர் மகன் முகம்மது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் தஞ்சமடைந்தார். ஆங்கிலேயர் தங்கள் கணக்கை இங்கிருந்தே தொடங்கினர். முறையான நவாபைக் காக்கவே வந்தோம் என்பது அவர்கள் வாதம்.

ஆனால் ஆம்பூருக்கு முன்பே, அதே ஆண்டில், தஞ்சை அரியணைக்கு உரிமை கோரிய ஒருவருக்கு உதவுவதாகச் சொல்லி ஆங்கிலேயர் தேவிகோட்டையைத் தாக்கிப் பிடித்திருந்தனர். பிரெஞ்சுத் தரப்பிலும் ஒரு சட்ட வாதம் இருந்தது. ஹைதராபாத் அரியணைக்கு உரிமை கோரிய முசாபர் ஜங் ஏற்ற நவாப் சந்தா சாகிப். நாங்கள் அவருக்குத் துணைப்படை மட்டுமே என்றனர்.

சமயபுரம் நடவடிக்கை

1751-ல் சந்தா சாகிப் திருச்சிராப்பள்ளியை முற்றுகையிட்டார். அவர் கவனத்தைத் திருப்ப, கிளைவ் சுமார் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் சென்று ஆற்காட்டைப் பிடித்தார். 1752-ல் லாரன்சும் கிளைவும் திருச்சிக்கு வந்ததும், பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா ஸ்ரீரங்கம் தீவுக்குப் பின்வாங்கினார். கோயிலின் மதில்கள் அவருக்குக் கோட்டையாயின.

அடுத்து கிளைவ் கொள்ளிடத்தைக் கடந்து சமயபுரத்தில் பாளையம் இறங்கினார். புதுச்சேரியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு உதவி வரும் வழி அடைபட்டது. உதவிப் படையோடு வந்த தோத்தேய் ஊட்டத்தூரில் நின்றார். அவரைத் தடுக்கக் கிளைவ் வெளியே போயிருப்பதாக நம்பிய லா, இரவில் சுமார் 80 ஐரோப்பியரையும் 700 சிப்பாய்களையும் அனுப்பினார். ஆனால் கிளைவ் அதற்குள் திரும்பியிருந்தார். வந்தவர்களில் ஆங்கிலப் படையை விட்டு ஓடியவர்களும் இருந்ததால், காவலர்கள் தம்மவர் என்று நம்பி உள்ளே விட்டனர். படை தங்கியிருந்த கோயில்களில் விடியும்வரை சண்டை நடந்தது. கிளைவ் காயத்தோடு தப்பினார், தாக்குதல் தோற்றது. ஜூனில் லா சரணடைந்தார். தஞ்சைத் தளபதி மானோஜியிடம் அடைக்கலம் புகுந்த சந்தா சாகிப்பின் தலை வெட்டப்பட்டது.

மதிப்பீடு

சமயபுரத்தை மட்டும் பார்த்தால் அது முற்றுகையை முறியடிக்கும் தற்காப்பு. தேவிகோட்டையிலிருந்து பார்த்தால் பேராசையின் தொடர்ச்சி. எந்தத் தேதியிலிருந்து எண்ணுகிறோம் என்பதே தீர்ப்பை மாற்றிவிடுகிறது.

ஆகவே முதல் அடியை மட்டும் வைத்து முடிவுக்கு வர இயலாது. ஆபத்து உடனடியானதா, வேறு வழி இருந்ததா, ஆபத்து நீங்கியதும் படை விலகியதா என்றும் பார்க்க வேண்டும். அண்டை நாட்டின் வலிமையைக் கண்ட அச்சம் மட்டுமே போருக்கு நியாயமாகாது என்று 1625-லேயே டச்சுச் சட்ட அறிஞர் குரோஷியஸ் எழுதியிருந்தார். ஆயுதத் தாக்குதல் நேர்ந்தால் தற்காத்துக்கொள்ளும் உரிமையை இன்றைய ஐ.நா. சாசனத்தின் 51-ஆம் பிரிவு ஏற்கிறது.

இந்த அளவுகோலில் இரு தரப்புமே தேறவில்லை. உதவிக்குக் கூலியாக பிரெஞ்சுக்காரர் வில்லியனூர், பாகூர் பகுதிகளைப் பெற்றனர். ஆங்கிலேயர் தேவிகோட்டையை வைத்துக்கொண்டனர். உதவிக்கு வந்த மைசூருக்குத் திருச்சிராப்பள்ளியைத் தருவதாகச் சொன்ன முகம்மது அலி வாக்கு மாறியதால், மைசூர் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்தது. 1753-54-ல் மீண்டும் போர் மூண்டது. காப்பாற்றப்பட்ட நவாப் கம்பெனியின் கடனாளியானார். 1801-ல் கம்பெனி கர்நாடக ஆட்சியையே எடுத்துக்கொண்டது. நவாபைக் காக்க வந்த படை, கடைசியில் நவாபின் நாட்டுக்கே உரிமையாளரானது.