பாஸ்டன் தேயிலையும் பரங்கிமலையும்

சென்ற மாதம் ஒரு மாலை, தாம்பரத்தில் நமது சங்க வாசகசாலையில் பாடம் படித்துக்கொண்டிருந்த பெண் குழந்தை ஒருத்தி, தன் சரித்திர புஸ்தகத்தை மூடிவைத்து, "அமெரிக்காக்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டினால் அதை நாம் ஏன் மனப்பாடம் செய்ய வேண்டும்?" என்று வினவினாள். அருகிலிருந்த பெரியோர் நகைத்தனர்; நாமும் நகைத்தோம். ஆயினும் அன்றிரவு அக்கேள்வி நம்மை உறங்கவிடவில்லை. கேள்வி நியாயமானதே. பள்ளிப் புஸ்தகத்தில் அக்கதை தேயிலையில் தொடங்கி, லிங்கன் சுடப்பட்டதில் முடிகின்றது. அதில் வரும் ஊர்ப் பெயர் ஒவ்வொன்றும் கடலுக்கு அப்பாலுள்ளது. அச்சரித்திரத்தின் சில ஏடுகள் நம் பரங்கிமலை அடிவாரத்திலும் செங்கற்பட்டுச் சாலையிலும் எழுதப்பட்டவை என்பதை அக்குழந்தைக்கு அன்று எடுத்துச் சொல்ல நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. இப்போது இங்கே சொல்ல முயல்கிறோம்.

முதலில் 1759-ஆம் ஆண்டை நோக்குவோம். இங்கிலீஷாரும் பிரஞ்சுக்காரரும் ஐரோப்பாவிலும், வட அமெரிக்காவிலும், நம் தேசத்திலும் ஒரே காலத்தில் பொருத காலம் அது. பிரஞ்சுத் தளகர்த்தராகிய லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்தார். அவ்வாண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் பரங்கிமலையில் ஒரு போர் நிகழ்ந்தது. கும்பினியார் பக்கம் காலியோ என்னும் தளபதியோடு நின்று போரிட்டவர், பின்னர் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கான். எட்டு நாட்களுக்குப்பின் லாலி முற்றுகையை விட்டகன்றார். அதே ஆண்டு செப்டம்பரில் கனடா தேசத்துக் க்யூபெக் நகரம் இங்கிலீஷார் வசமாயிற்று. 1763-இல் சமாதானம் ஏற்பட்டபோது இங்கிலாந்து வெற்றியோடு பெருங்கடனையும் சுமந்து நின்றது. அக்கடனின் ஒரு பகுதியை அமெரிக்கக் குடியேற்றத்தாரும் தாங்க வேண்டும் என்றெண்ணி, 1765-இல் முத்திரை வரி விதித்தனர். பத்திரங்களுக்கும், செய்தித்தாள்களுக்கும், சீட்டுக்கட்டுக்கும்கூட வரி! பார்லிமெண்டில் தங்கள் பிரதிநிதி ஒருவரேனும் இல்லாதபோது அது தங்கள்மீது வரி விதிப்பதெங்ஙனம் என்று அக்குடிகள் கிளர்ந்தெழுந்தனர். அடுத்த ஆண்டே அவ்வரி நீக்கப்பட்டது; 1767-இல் வேறு வரிகள் வந்தன. 1770 மார்ச்சு 5-ஆம் நாள் பாஸ்டன் நகர வீதியில் சிப்பாய்கள் சுட்டதில் ஐவர் மாண்டனர். பின்னர் ஏனைய வரிகள் நீக்கப்பட்டுத் தேயிலை வரி ஒன்று மாத்திரம், உரிமைக்கு அடையாளமாக, வைத்துக்கொள்ளப்பட்டது.

அத்தேயிலை யாருடையது? கிழக்கிந்தியக் கும்பினியாருடையது; நம் நாட்டை ஆளத் தொடங்கியிருந்த அதே கும்பினியாருடையது. சரக்கு சீனத்தில் வாங்கியதாயினும், அதனை அமெரிக்காவின் தலையில் கட்டவேண்டிய முடை அவர்களுக்கு ஏற்பட்டதற்குக் காரணம் பாதிக்குமேல் நம் தேசத்திலேயே இருந்தது. 1769 மார்ச்சு மாதத்தில் மைசூர் ஹைதர் அலி, தம்மைத் துரத்திய இங்கிலீஷ் சேனையை ஏமாற்றிவிட்டு, விரைந்து செல்லும் குதிரைப் படையோடு பரங்கிமலைக்கே வந்து நின்றார். கோட்டையிலிருந்தவர்கள் திகைத்தனர். ஹைதர் சொன்ன வண்ணமே ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் உடன்படிக்கை எழுதப்பட்டது. இருவரில் எவரையேனும் பிறர் தாக்கினால் மற்றவர் உதவவேண்டும் என்பது அதன் முக்கிய ஷரத்து. ஹைதரின் படையெழுச்சியைப் பற்றிய செய்தி மே மாதத்தில் லண்டனை எட்டியதும் கும்பினியின் பங்கு விலை சரிந்தது. பங்குகளை நம்பிக் கடன்பட்டிருந்த பிரபுக்கள் பலர் நொடித்தனர். அதன்பின் வங்காளத்தில் 1770-ஆம் ஆண்டுக் கொடும்பஞ்சம். 1772-இல் கும்பினியார் தம் துரைத்தனத்தாரிடமே கடனுக்குக் கையேந்தினர். 1773-இல் 14 லட்சம் பவுன் கடன் கிடைத்தது. அதனோடு, கிடங்குகளில் விற்பனையாகாது குவிந்திருந்த தேயிலையை அமெரிக்காவுக்கு நேரே அனுப்பிக் குறைந்த விலைக்கு விற்கும் சலுகையும் கிடைத்தது.

விலை குறைந்தால் ஜனங்கள் வரியை மறந்து வாங்குவர் என்பது கணக்கு. அக்கணக்கே பிசகிற்று. 1773 டிசம்பர் 16-ஆம் நாள் இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் மூன்று கப்பல்களிலிருந்த 342 தேயிலைப் பெட்டிகள் உடைத்துக் கடலில் கொட்டப்பட்டன. ஹைதரால்தான் அத்தேயிலை கடலில் விழுந்தது என்று நாம் சொல்ல வரவில்லை. அங்ஙனம் சொல்வது ஊர்ப்பெருமை பேசுவதாகும். ஆனால் அத்தேயிலையை அங்கே தள்ளிய முடைகளுள் ஒன்று நம் பரங்கிமலை வழியாகவும் சென்றது என்பதில் ஐயமில்லை.

அதற்குமேல் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை. விரைந்து சொல்லிச் செல்கிறோம். பாஸ்டன் துறைமுகம் மூடப்பட்டது. 1775 ஏப்ரலில் லெக்ஸிங்டனில் துப்பாக்கி வெடித்தது. 1776 ஜூலை 4-ஆம் நாள் பதின்மூன்று குடியேற்றங்களும் சுதந்திரப் பிரகடனம் செய்தன. ஜார்ஜ் வாஷிங்டன் சேனாதிபதியாய் நின்றார். 1777 அக்டோபரில் சரடோகாவில் இங்கிலீஷ் சேனை ஒன்று சரணடைந்தது. அதனைக் கண்டு 1778 பிப்ரவரியில் பிரான்சு தேசம் அமெரிக்கரோடு உறவு பூண்டது. இவ்வுறவே நம் ஊர்களின் தலையில் இடியாய் விழுந்தது.

பிரான்சோடு யுத்தம் என்ற செய்தி வந்தவுடன் சென்னைத் துரைத்தனத்தார் புதுச்சேரியை முற்றுகையிட்டு, 1778 அக்டோபரில் கைப்பற்றினர். 1779 மார்ச்சில் மலையாளக் கரையிலுள்ள மாஹியையும் பிடித்தனர். மாஹி வழியாகவே ஹைதருக்குப் போர்த் தளவாடங்கள் வந்துகொண்டிருந்தன. அதனைத் தொடவேண்டா என்று அவர் எச்சரித்திருந்தார். முன்னமே மராட்டியர் அவர்மேல் படையெடுத்தபோது, 1769-ஆம் ஆண்டு உடன்படிக்கையை மறந்து கும்பினியார் வாளாவிருந்த கோபமும் அவருக்கு ஆறவில்லை. 1780 ஜூலையில் கணவாய்களைக் கடந்து பெருஞ்சேனையோடு கர்நாடகத்தில் இறங்கினார். அவருடைய குதிரைப் படை சென்னையின் புறவூர்களையும் கொள்ளையிட்டது. செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சீபுரத்தை அடுத்த புள்ளலூரில் பெய்லி என்னும் தளபதியின் படை அழிந்தது. அவருக்குத் துணையாகச் சென்றிருந்த ஹெக்டர் மன்றோ, பீரங்கிகளைக் காஞ்சியில் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கற்பட்டுக்கும், அங்கிருந்து பரங்கிமலைக்கும் பின்வாங்கினார். செங்கற்பட்டுக்கும் பரங்கிமலைக்கும் இடைப்பட்ட நிலம் எது? வண்டலூர், தாம்பரம், பல்லாவரம். நாம் இன்று மின்சார ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் கடக்கும் நிலம்.

சேனைகள் ஒருமுறை போய் ஒருமுறை வந்தால் கிராமங்கள் பிழைத்துக்கொள்ளும். இங்கே நான்காண்டு போர் நடந்தது. 1781 ஜனவரியில் அயர் கூட் பரங்கிமலையிலிருந்து புறப்பட்டுச் சென்றார். அவர் சேனைக்கு வேண்டிய மாடுகளும் தானியமும் இச்சீமையிலிருந்தே எடுக்கப்பட்டன. எதிரிக்குத் தீனி கிடைக்கலாகாது என்று ஹைதரின் படையோ பயிரை எரித்தும், ஏரிக் கரைகளை உடைத்தும் சென்றது. கரை உடைந்தால் செங்கற்பட்டு ஜில்லாவில் என்ன மிஞ்சும் என்பதை நம் மூத்தோருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. குடிகள் பட்டணத்துக்கு ஓடினர். பட்டணத்திலோ அரிசி கடல் வழியாக வரவேண்டும்; கடலில் பிரஞ்சுக் கப்பற்படை. 1782 பிப்ரவரி 17-ஆம் நாள் சதுரங்கப்பட்டினத்துக்கு எதிரே, சுஃப்ரேன் என்னும் பிரஞ்சுத் தளபதியும் ஹ்யூஸ் என்னும் இங்கிலீஷ்த் தளபதியும் மோதினர். அக்டோபர் மாதத்துப் புயலில் அரிசி ஏற்றிவந்த கலங்கள் பல சென்னைக் கரையோரம் உடைந்தன. பசியால் வீதிகளில் விழுந்தவர்களுக்குக் கஞ்சி வார்க்க 1782-இல் ஒரு சத்திரம் ஏற்பட்டது. அதுவே மணியக்காரர் சத்திரம். அதன் வழியில் தோன்றி வளர்ந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியைக் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று நம் பாட்டிமார் சொன்ன காரணம் இதுவே. வாஷிங்டன் பெயரையும் கேட்டிராத உழவர், அந்தத் தொட்டியின் முன் கலயத்தோடு நின்றனர்.

ஒரு விநோதத்தையும் இங்கே குறிப்போம். அதே 1782 ஏப்ரல் 8-ஆம் நாள் அமெரிக்காவில் டெலவேர் விரிகுடாவில், தன்னினும் வலிய இங்கிலீஷ்ப் போர்க்கப்பல் ஒன்றை அமெரிக்கக் கப்பலொன்று பிடித்தது. அக்கப்பலின் பெயர் 'ஹைதர் அலி'! பகைவனுக்குப் பகைவன் என்ற முறையில், அவ்வளவு தூரத்தில் அவர் பெயர் கப்பலுக்கு இடப்பட்டிருந்தது. அப்பெயரால் அவர்கள் களித்தார்கள். அப்பெயரைக் கேட்டால் நம் ஊர்த் தாய்மார் குழந்தைகளை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டும் மெய்யே.

யுத்தம் முடிந்த விதமும் கேளுங்கள். 1781 அக்டோபர் 19-ஆம் நாள் யார்க்டவுனில் கார்ன்வாலிஸ் பிரபுவின் சேனை சரணடைந்தது. 1783 ஜனவரியில் ஐரோப்பாவில் சண்டை நிறுத்தக் கையெழுத்தும் ஆயிற்று. ஆனால் கப்பல் செய்தி கொண்டு வரவேண்டுமே! ஜூன் 13-ஆம் நாள் கடலூர்க் கோட்டைப் புறத்தில் இரு தரப்பிலும் நூற்றுக்கணக்கானோர் மடிந்தனர்; 20-ஆம் நாள் கடலிலும் போர். சமாதானச் செய்தி அதன் பின்னரே வந்தது. முடிந்துபோன யுத்தத்துக்காக மாண்ட அச்சிப்பாய்களில் நம் நாட்டார் எத்தனை பேரோ! ஹைதர் 1782 டிசம்பரிலேயே காலமானார்; அவர் மைந்தர் திப்புவோடு 1784 மார்ச்சில் மங்களூரில் உடன்படிக்கை ஏற்பட்டது.

யார்க்டவுனில் தோற்ற கார்ன்வாலிஸ் 1786-இல் நம் தேசத்துக்கே கவர்னர் ஜெனரலாக வந்தார். சென்னையிலிருந்து திப்புவின்மேல் படை நடத்தி, 1792-இல் அவர் ராஜ்யத்தில் பாதியையும் அவர் புதல்வர் இருவரைப் பிணையாகவும் பெற்றார். கோட்டைப் பொருட்காட்சிசாலையில் நிற்கும் அவர் சிலையின் பீடத்தில் செதுக்கியிருப்பது அப்பிள்ளைகளை ஒப்புவிக்கும் காட்சி, யார்க்டவுன் அன்று. அவருக்கென எழுப்பிய நினைவு மண்டபம் முதலில் தேனாம்பேட்டையில் நின்றது. செனடாப் சாலை என்னும் பெயர் அதனால் வந்ததே.

நிற்க. சுதந்திரம் பெற்ற அமெரிக்கர் 1787-இல் அரசியல் சட்டம் இயற்றினர்; 1789-இல் வாஷிங்டன் முதல் ஜனாதிபதியானார். எல்லா மனிதரும் சமம் என்று பிரகடனம் செய்தவர்கள், அச்சட்டத்தில் அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணிப் பிரதிநிதித்துவக் கணக்கு வகுத்தனர். 1793-இல் விட்னி பருத்தி கடையும் யந்திரத்தைக் கண்டுபிடித்தார். வேலை குறையுமென்று நினைத்தால், பருத்தி நிலம் பெருகி அடிமைகளின் தேவையும் பெருகிற்று. 1860-இல் அடிமைகள் ஏறக்குறைய 40 லட்சம். அவ்வாண்டு லிங்கன் ஜனாதிபதியாகத் தெரிந்தெடுக்கப்படவே தென் மாகாணங்கள் பிரிந்தன. 1861 ஏப்ரல் 12-ஆம் நாள் சம்டர் கோட்டையின்மேல் பீரங்கி முழங்கிற்று.

அவ்வுள்நாட்டுப் போரும் நம்மைத் தொட்டது. அமெரிக்கப் பருத்திக்குப் பதிலாக நம் பருத்தியை வளர்க்கக் கும்பினியார் 1840-இலேயே அமெரிக்கத் தோட்டக்காரர் சிலரை இத்தேசத்துக்கு வருவித்தனர். கோயமுத்தூரில் ராபர்ட் வைட் என்னும் தாவர நூலார் அம்முயற்சியை மேற்பார்த்தார். விளைவு சொற்பமே. ஆனால் தென் மாகாணத் துறைமுகங்கள் அடைபட்டதும், லங்காஷயர் ஆலைகள் நம் பஞ்சைத் தேடின. திருநெல்வேலி, கோயமுத்தூர்ப் பருத்தி விலை ஏறிற்று, வியாபாரிகள் செழித்தனர், நூல் விலையும் உடன் ஏறியதால் நெசவாளர் வருந்தினர். 1865-இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது. அப்போரில் மாண்டவர் ஆறு லட்சத்துக்கு மேல். 1863 ஜனவரி முதல் நாள் லிங்கன் விடுதலைப் பிரகடனம் செய்தார். 1865 ஏப்ரலில் சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டு டிசம்பரில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது.

இவ்விடத்தில் நம் சங்கத்தார் சிலருக்குக் கசப்பாயினும் ஒன்று சொல்லவேண்டும். அமெரிக்க அடிமைகளுக்காகக் கண்ணீர் விடும் நாம், நம் ஜில்லாவின் படியாட்களை மறக்கலாகாது. அடிமையுரிமையை இந்தியக் கோர்ட்டுகள் ஏற்கலாகாது என்று 1843-இலேயே சட்டமாயிற்று. அதாவது லிங்கனுக்கு இருபதாண்டு முன்பு. ஆனால் 1891-இல் செங்கற்பட்டுக் கலெக்டர் டிரமன்ஹீர் துரை எழுதிய அறிக்கையில், ஆதிதிராவிட மக்கள் நிலமும் மனையுமின்றிக் கடனால் மிராசுதார்களிடம் கட்டுண்டு கிடந்த நிலையை விரிவாகக் காண்கிறோம். அதன் பயனாகவே 1892-இல் அவர்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கும் உத்தரவு பிறந்தது. நம் முன்னோரில் நிலமுடையோர் அம்மிராசுதார்களில் அடங்கார் என்று நம்மால் உறுதி கூற இயலாது. அங்கே அந்த முறையை ஒழிக்க ஆறு லட்சம் பேர் மாண்டனர். இங்கே ஒரு சட்டம் வந்ததும், அது ஒழிந்ததாக ஏட்டில் எழுதிவிட்டோம்.

ஆகையால் தாம்பரம், பல்லாவரம், வண்டலூர், செங்கற்பட்டுப் பக்கத்துக் குடும்பத்தார்க்கு ஒரு வேண்டுகோள். தங்கள் வீட்டுப் பரணில் பழைய ஆளோலை, படியாள் கடன் முறி, மிராசுப் பத்திரம் முதலியன இருப்பின், வெட்கமோ அச்சமோ கொண்டு அவற்றை எரித்துவிட வேண்டா. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வாசகசாலைக்குக் கொணர்ந்தால், படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். கேள்வி கேட்ட அக்குழந்தைக்கும் அவற்றைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறோம்.