நோயாளர் தொகையும் நுளம்புக்கான நிதியும்: இலங்கை அனுபவத்தை முன்வைத்து

1963 இல் இலங்கை முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. 1934–35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறிகொடுத்த தீவு இது. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிப்பதும், காய்ச்சல்காரரின் இரத்தப் பூச்சுகளைச் சோதிப்பதும் இந்த மாற்றத்துக்குப் பெரிதும் உதவின. நோய் ஒழிந்ததெனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது. 1969 இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது.

சூழலியலாளர்கள் டி.டி.டி.யைத் தடைசெய்ததன் விளைவே இது என்றொரு கதை இன்றும் உலவுகிறது. அதற்கு ஆதாரமில்லை. அன்றைய சர்வதேச ஒழிப்புத் திட்டத்தின் நடைமுறைப்படியே தெளிப்பு கைவிடப்பட்டது. அதற்கு ஈடாக வலுப்பட்டிருக்க வேண்டிய கண்காணிப்பு தளர்ந்துபோயிருந்தது. மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகத் தேங்கியதும், இரத்தினக்கல் அகழ்வையும் சேனைப் பயிர்ச்செய்கையையும் நாடி மக்கள் காட்டுப்புறங்களுக்குப் பெயர்ந்ததும் கொள்ளைநோயைத் தூண்டின என்பது உண்மை. ஆனால் வரட்சியும் இடப்பெயர்வும் இத்தீவுக்குப் புதியவை அல்ல. அவற்றை எதிர்கொள்ளக் களத்தில் ஆளும் மருந்தும் இல்லாததே அப்போது புதிது. 1930கள் முதல் 61 நாடுகளில் நிகழ்ந்த 75 மலேரியா மீளெழுச்சிகளைத் தொகுத்த 2012 ஆம் ஆண்டு ஆய்வொன்று, அவற்றுள் 68 இல் கட்டுப்பாட்டுப் பணி தளர்ந்தமை ஒரு காரணம் என்கிறது. அந்தத் தளர்ச்சிக்கு மிகுதியும் காட்டப்படுவது நிதிக்குறை.

ஆகவே பிழை ஒதுக்கப்படும் தொகையில் மட்டுமல்ல, அதைத் தீர்மானிக்கும் அளவுகோலிலும் உள்ளது. நோயாளர் குறைந்தால் நிதி குறைகிறது. நுளம்பு பெருகும் இடங்கள் அப்படியே இருக்கின்றன. திறைசேரியின் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஒருவருக்கும் வராத காய்ச்சலுக்கு ஆண்டுதோறும் சம்பளம் கொடுப்பதை எந்தக் கணக்காளரும் கேள்வி கேட்பார். அந்தச் சம்பளம் இல்லாவிட்டால் காய்ச்சல் திரும்பும் என்பதற்கான சான்று, அது திரும்பிய பின்னரே அவர் கைக்குக் கிடைக்கும்.

நிதியை நோயின் பெயரில் பிரித்து வைப்பது இதனோடு ஒட்டிய இன்னொரு கோளாறு. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார ஸ்தாபனத்தின் சான்றிதழைப் பெற்றது. அடுத்த ஆண்டே 1,86,000 பேரளவில் டெங்கு நோயாளர் பதிவாயினர். டெங்கு நுளம்பு வயலிலோ ஆற்றிலோ பெருகுவதில்லை; தொட்டியிலும் கூரைப் பீலியிலும் எறிந்த டயரிலும் பெருகுகிறது. எனவே டெங்குக் கட்டுப்பாடு பாதிக்கு மேல் குப்பை அகற்றும் வேலை, அதாவது உள்ளூராட்சி மன்றத்தின் வேலை. 2017 இல் அம்மன்றங்களிற் பெரும்பாலானவை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர்களின்றி இருந்தன. தேர்தல் 2018 பெப்ரவரியில்தான் நடந்தது. கொள்ளைநோய்க்கு இது எவ்வளவு பங்களித்தது என்று அளவிட முடியாது. குப்பை அள்ளாததற்கு வாக்காளருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அப்போது இல்லை என்பது மட்டும் தெளிவு.

சான்றிதழ் கிடைத்த அதே 2016 இன் இறுதியில் மன்னார்த் தீவில் அனோபிலிஸ் ஸ்டீபன்சி கண்டறியப்பட்டது. சென்னையின் கிணறுகளிலும் மேல்நிலைத் தொட்டிகளிலும் பெருகி நகர மலேரியாவை நிலைநிறுத்திய நுளம்பு இதுவே. பழைய மலேரியா நுளம்பைப் போல ஆற்றுக் குட்டைகளை நம்பியிராமல், டெங்கு நுளம்பு பெருகும் நீர்க்கலங்களையே இதுவும் நாடுகிறது. மலேரியாவுக்கு ஒரு கணக்கு, டெங்குவுக்கு இன்னொரு கணக்கு என்று வைத்துக்கொண்டால் ஒரே கிணற்றை இரு அணிகள் பார்க்க நேரும்; அல்லது இரண்டும் பாராது விடும்.

நான் முன்வைக்கும் மாற்று எளியது. உள்ளூராட்சி மன்றங்களின் நுளம்பு நிதியில் ஒரு பகுதியை நோயாளர் தொகையோடு தொடர்பில்லாத நிலையான மானியமாக்க வேண்டும். சோதித்த வீடுகளும் கிணறுகளும், குடம்பி கண்ட கலங்களின் வீதமும் அதற்குக் கணக்குக் காட்டும் அளவுகளாகட்டும். கொள்ளைநோய்க் காலத்துப் புகையூட்டலுக்கான அவசர நிதி இதிலிருந்து எடுக்கப்படாமல் தனியே இருக்க வேண்டும். புகை அரசியல்வாதியின் கண்ணுக்குத் தெரியும், குடம்பிச் சோதனை தெரியாது; இரண்டும் ஒரே பையில் இருந்தால் எதற்குப் பணம் போகும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.