சோழவரம் போன குடும்பக் கார்கள்

சோழவரம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரிதானே! கோடை வந்துவிட்டால் பேப்பரில் நீர்மட்டம் போடுவார்களே, அதே சோழவரம். ஆனால் ஐம்பத்தைந்து, அறுபது வயதைத் தாண்டிய சென்னைக்காரர் யாரிடமாவது இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். அதிலும் அவர் கொஞ்சம் வண்டிப் பைத்தியமாக இருந்துவிட்டால் தீர்ந்தது. இரண்டு கையாலும் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் பாவனை காட்டி, 'விர்ர்ரூம்' என்று ஆரம்பித்துவிடுவார். ஒரு மணி நேரத்துக்கு ஆளை விடமாட்டார்.

அம்பத்தூரிலிருந்து செங்குன்றம் போய், கல்கத்தா நெடுஞ்சாலையில் இன்னும் கொஞ்சம் வடக்கே போனால் சோழவரம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அங்கே விமான ஓடுதளம் ஒன்று போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போய்விட்டன. நல்ல நீளமான தளம் மட்டும் சும்மா கிடந்தது. 1953-ல் பிறந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், அந்தத் தளத்தைக் கார், பைக் பந்தயங்களுக்குப் பயன்படுத்த ஆரம்பித்தது. பம்பாய், கல்கத்தா, பெங்களூர், கோயமுத்தூர் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வண்டியோடு வந்து இறங்கினார்கள்.

சரி, என்ன வண்டியோடு வந்தார்கள்? இங்கேதான் சுவாரஸ்யம்.

அன்றைய இந்தியாவில் ஒரு சாமானியன் வாங்கக்கூடிய கார் மூன்றே மூன்று. கல்கத்தா பக்கத்திலிருந்து அம்பாசடர். பம்பாயிலிருந்து ஃபியட். நம்ம பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்டு கம்பெனி 1961-லிருந்து செய்த ஹெரால்டு. அவ்வளவுதான் மெனு கார்டு! 1970-களில் நாடு முழுக்க ஒரு வருடத்தில் தயாரான கார்கள் ஐம்பதாயிரத்தைக்கூடத் தொடவில்லை. பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வெளிநாட்டுக் கார் வேண்டுமா? லைசென்ஸ், பர்மிட், தலை சுற்றவைக்கும் சுங்கவரி. பந்தயத்துக்கென்றே செய்த பிஸ்டனையோ கார்புரேட்டரையோ கடையில் கேட்டால், கடைக்காரர் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

அதனால் என்ன ஆச்சு? வீட்டில் நின்ற குடும்பக் கார்தான் பந்தயக் காராகவும் ஆகவேண்டியிருந்தது. பின்சீட்டைக் கழற்று, கனத்தைக் குறை, இன்ஜினைப் பிரி, என்ன செய்யமுடியுமோ செய். பொருளாதாரப் புத்தகத்தில் 'இறக்குமதிப் பதிலீடு' என்று ஒரு அத்தியாயம் வரும். வெளியே வாங்குவதை உள்ளூரிலேயே செய்துகொள்வது. தில்லி அதை ஐந்தாண்டுத் திட்டமாகப் போட்டது. நம்ம ஆட்கள் கார் ஷெட்டில் செய்து முடித்தார்கள்.

இதில் சென்னையின் மேற்குப் பக்கத்துக்குத் தனி அதிர்ஷ்டம். பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். ஸ்டார்ட்டர் மோட்டார், டைனமோ, டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாம் அங்கேயே தயார். கொஞ்சம் கிழக்கே செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ். அம்பத்தூரில் டன்லப் டயர். 1960-களில் வந்த அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தடுக்கி விழுந்தால் லேத்துப் பட்டறை. இன்னும் மேற்கே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. 1965-ல் அங்கிருந்துதான் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. டர்னர், ஃபிட்டர், வெல்டர் என்று, ஒரு நூலிழை அளவைக் கையாலேயே தடவிச் சொல்லிவிடக்கூடிய ஆட்கள் தெருவுக்குத் தெரு இருந்த பகுதி. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பந்தயக் கிறுக்குப் பிடிக்காமல் என்ன செய்யும்?

ஆனால் ஒன்று. 'இன்ஜினை வேகமாக்கறது' என்றதும் நாம் நினைப்பது எதையோ பெரிதாக மாட்டுவதை. விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கடைசியில்தான் செய்தார்கள். முதல் வேலை வைத்தியம்! இருக்கிற இன்ஜினுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பது.

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வார் இல்லையா? இன்ஜினின் நாக்கு, ஸ்பார்க் பிளக். கழற்றி முனையைப் பாருங்கள். டீயில் நனைத்த பிஸ்கட் நிறமா? ஆரோக்கியம். கரி படிந்து கறுப்பாக இருக்கிறதா? பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருக்கிறதா? பெட்ரோல் போதவில்லை, சூடு ஏறுகிறது, இப்படியே விரட்டினால் பிஸ்டன் ஓட்டையாகும். எண்ணெய்ப் பிசுக்கா? ஆயில் மேலே ஏறுகிறது என்று அர்த்தம்.

ஏன் ஏறுகிறது? அதற்கும் ஒரு எளிய பரீட்சை இருக்கிறது. பிளக் துளையில் மானியை வைத்து, ஸ்டார்ட்டரைச் சுற்றி அழுத்தம் எவ்வளவு என்று பாருங்கள். குறைவா? அதே துளை வழியாக இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏனென்றால் ஆயில் போய் அந்த இடைவெளியை அடைத்துக்கொண்டது. ஏறவே இல்லையா? பெரும்பாலும் வால்வு சரியாக உட்காரவில்லை. இரண்டு ஸ்பூன் எண்ணெய் சொல்லிவிடும் தீர்ப்பு இது. ஷெர்லாக் ஹோம்ஸ் கெட்டார்!

நோயெல்லாம் தீர்ந்த பிறகுதான் கணக்கு வாத்தியார் வேலை. ஃபியட் 1100-ன் இன்ஜின் 1089 சி.சி. நான்கு சிலிண்டர். ஆக, சிலிண்டருக்கு சுமார் 272 சி.சி. இந்தக் கலவையை எட்டில் ஒரு பங்காக அழுத்துகிற இன்ஜின் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மேலே எரியும் அறையின் கொள்ளளவு சுமார் 39 சி.சி. ஹெட்டை லேசாகச் சீவி, அதை 34 சி.சி. ஆக்கினால்? ஒன்பதில் ஒரு பங்காக அழுத்தும். அதே பெட்ரோலில் கூடுதல் சக்தி. சீவியது எத்தனை என்று எப்படித் தெரியும்? ஹெட்டைக் கவிழ்த்து, ஒரு கண்ணாடித் தகட்டை மூடி, அதிலுள்ள சிறு துளை வழியாக டாக்டர் ஊசி சிரிஞ்சில் எண்ணெய் விட்டு சி.சி. சி.சி.யாக அளக்கவேண்டியதுதான். நான்கு அறையும் ஒரே அளவு வரும்வரை விடக்கூடாது.

ஆசைப்பட்டு இன்னும் கொஞ்சம் சீவினால்? அங்கேதான் ஆப்பு. அழுத்தம் அளவு மீறினால், தீப்பொறி பற்றவைத்த சுடர் வந்து சேரும்வரை காத்திருக்காமல் பெட்ரோல் தன்னிஷ்டத்துக்கு வெடிக்கும். 'டக டக'வென்று உள்ளே சுத்தியல் அடிக்கிற சத்தம். அன்றைக்குக் கிடைத்த பெட்ரோலுக்கு ஆக்டேனும் குறைச்சல். பேராசைக்காரனின் இன்ஜின் பாதிப் பந்தயத்திலேயே உயிரை விட்டுவிடும். ஆகவே ஜெயித்தது நிறையச் சீவினவன் இல்லை. சரியாக அளந்தவன்.

ஹெரால்டுக்கு இந்த விஷயத்தில் ஒரு வசதி. அதன் பானெட் மட்டுமல்ல, இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்து முன்பக்கமாக அப்படியே கவிழும். இன்ஜின் மூன்று பக்கமும் அம்மணமாக நிற்கும். முன்சக்கரத்தின்மேல் சாவகாசமாக உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். வீட்டு மெக்கானிக்குக்கென்றே கடவுள் செய்த கார்!

1980-களின் தொடக்கத்தில் விஜய் மல்லையா ஒரு நிஜ ஃபார்முலா ஒன் காரையே, என்சைன் என்ற காரை, சோழவரத்துக்குக் கொண்டுவந்தார். கூட்டம் வாயைப் பிளந்து பார்த்தது. நியாயம்தான். ஆனால் அந்தக் காரைப் பார்த்து யாரும் வீட்டுக்குப் போய் அதேபோல் ஒன்று செய்துவிட முடியாது. பக்கத்திலேயே உறுமிக்கொண்டு நின்ற ஃபியட்டைப் பார்த்துச் செய்யலாம். இந்த வித்தியாசம் முக்கியம்.

அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர், கோயமுத்தூரின் கரிவரதன். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர். ஊரெல்லாம் கிடைக்கிற, உதிரிபாகம் மலிவான அந்த இன்ஜினையே எடுத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் செய்தார். ஃபார்முலா மாருதி. கோடீஸ்வரனாக இல்லாதவனும் பந்தயம் விட ஒரு வழி. 1990-ல் பந்தயங்கள் சோழவரத்தை விட்டு, பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் உள்ள இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தன. முறையான, வளைவுகளோடு கூடிய பந்தயப் பாதை. அங்கே ஃபார்முலா மாருதி ஓட்டிப் பழகிய ஒரு கோவைப் பையன்தான் 2005-ல் ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர், நரேன் கார்த்திகேயன். கரிவரதன் அதைப் பார்க்க இல்லை. 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார்.

இன்றைக்கு நிலைமை வேறு. கார்புரேட்டர் போய் பல வருடமாச்சு. எத்தனை பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. லேப்டாப்பைச் செருகி, அதன் கணக்கை மாற்றினால் அரை மணியில் வேகம் கூடிவிடும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தே இராதவர்கூட செய்யலாம். அதுதான் ஆபத்து.

சட்டமும் இறுகிவிட்டது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, விதியை மீறி வண்டியை மாற்றிய உரிமையாளருக்கு ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும்.

'பார்த்தீங்களா, வீட்டுப் பட்டறைக்குப் பூட்டு போட்டாச்சு' என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சோழவரம் கற்றுக்கொடுத்ததில் இரண்டு பாதி உண்டு. ஒன்று, இன்ஜினுக்கு என்ன நோய் என்று கண்டுபிடிக்கும் புத்தி. இன்னொன்று, வேகத்தைக் காட்டவேண்டிய இடம் எது என்கிற புத்தி. இரண்டையும் எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. உங்கள் காரின் கோளாறை நீங்களே தேடலாம், தாராளமாக. ஷெட்டின் கதவை மட்டும் திறந்து வையுங்கள். மூடிய அறையில் ஓடும் இன்ஜினின் புகை, சத்தமில்லாமல் ஆளையே கொல்லும். வேகம்தான் வேண்டுமென்றால் பந்தயத்துக்கென ஒரு வண்டி, தலைக்கு ஹெல்மெட், கையில் லைசென்ஸ்... இருங்காட்டுக்கோட்டை பக்கம்தான்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நள்ளிரவில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பறக்கிற தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. உன் வண்டி பிளக்கின் நிறம் என்னப்பா? பதில் தெரியவில்லையென்றால், ஓடுவது நீ வாங்கின இன்ஜின். அதில் உன் கைவேலை எதுவும் இல்லை.